தடைக்காலத்தில் மீன் வாடை

இந்தக் கிரில்லில் மீன் ஏறி இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது, பிறகு மீன் வாடை எங்கிருந்து வருகிறது என்று நான் கைவேலைக்கு நிற்கிற பேச்சித்தாயிடம் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த கேள்வி என் பக்கம் திரும்பும், அதனால் அவள் வெங்காயக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்தியபடி, யக்கா மீனு வாடை குடலைப் பெரட்டுது, நான் பொறவாசல்ல உக்காந்து உரிக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனபோது, நானும் ஒரு மரியாதைக்கு மூக்கைச் சுருக்கிக் காட்டினேன். மூக்கைச் சுருக்குவதில் நான் இப்போது தேறிவிட்டேன். மணி மூன்றரை. மதியக் கூட்டம் கலைந்துவிட்டது, சாயங்காலம் ஆறரைக்கு மாடி ஹாலில், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கியதற்கு ஒரு புதுநன்மை விருந்து, பிள்ளைகளும் சொந்தக்காரர்களுமாக அறுபது பேர், இடையில் கிடைக்கும் இந்த ஒரு மணி நேரம்தான் கிரில்லை எரித்துச் சுத்தம் செய்கிற நேரம். ஐந்து குமிழையும் கடைசிவரை திருகிவிட்டு, மேலே ஒன்றும் வைக்காமல் இருபத்தைந்து நிமிடம் எரியவிட வேண்டும், கம்பிகளில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் மசாலாவும் முதலில் கறுக்கும், பிறகு புகையும், கடைசியில் வெள்ளைச் சாம்பலாக உதிரும். அதற்கப்புறம் பிரஷ், அதற்கப்புறம் ஆறவிடுவது, அதற்கப்புறம்தான் தண்ணீர். சூட்டோடு தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும், அவசரக்காரிக்கு இந்த வேலை ஒத்துவராது, நானோ ஊரறிந்த அவசரக்காரி, இந்த இரும்பு ஒன்றுதான் என்னை உட்காரவைத்திருக்கிறது. புதிதாக இந்தச் சமையற்கட்டுக்குள் வருகிறவர்கள் குனிந்து கரி எங்கே என்று தேடுவார்கள். கரி கிடையாது. கம்பிகளுக்குக் கீழே கரண்டில் பழுக்கிற ஐந்து காயில், காயிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய ட்ரே, அவ்வளவுதான். கோழியின் கொழுப்பு சொட்டிக் காயிலில் விழுந்து, சுர்ரென்று புகையாகி மேலே வந்து, மறுபடி கோழியிலேயே ஒட்டிக்கொள்கிறது, அதுதான் சாப்பிடுகிறவர்கள் சப்புக்கொட்டுகிற கரியில் சுட்ட ருசி. தன் கொழுப்பின் புகையையே ஒரு கோழி பூசிக்கொள்கிறது என்று கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை, அன்றைக்கு அந்தப் புகையின் வாசமும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்போது தெரியாது. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஐந்து நாள் காய்ச்சல், ஆறாம் நாள் எழுந்து காப்பி போட்டால் டம்ளரில் சுடுதண்ணீர் இருந்தது, நிறம் காப்பி, சூடு காப்பி, மற்றபடி ஒன்றுமில்லை. சளி என்று நினைத்தேன். சளி போனது, வாசம் வரவில்லை. ஜனவரியில் கோயிலில் சாம்பிராணிப் புகை முகத்தில் வந்து அடிக்கிறது, கண் எரிகிறது, மூக்குக்குள் வெறும் காற்று. அன்றிலிருந்து ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது, காலையில் எழுந்ததும் ஏதாவது ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்ப்பேன், ஒருநாள் எலுமிச்சை இலை, ஒருநாள் மண்ணெண்ணெய், ஒருநாள் என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்வந்து கழற்றிப்போட்ட சட்டை, கதவுக்குப் பின்னால் நின்று அதை முகத்தில் அப்பிக்கொண்டு மோந்ததை அவர் பார்த்துவிட்டு, இந்த வயதில் என்ன இது என்று வெட்கப்பட்டார், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாசம் போய்விட்டது என்றால் எங்கே போயிருக்கும், வாசம் அங்கேயேதான் இருக்கிறது, சட்டையில்தான் இருக்கிறது, நான்தான் போய்விட்டேன். மல்லிகைப்பூ வாசம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் பூ ஞாபகம் வருகிறது, பூ விற்ற பெண்ணின் பச்சை வளையல் ஞாபகம் வருகிறது, வாசம் மட்டும் வருவதில்லை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டில் சொன்னால் வேலைக்குப் போகாதே என்பார்கள், இங்கே சொன்னால் வேலையே இருக்காது. இசக்கிமுத்து அண்ணாச்சி, எங்கள் தலைமைச் சமையல்காரர், மூக்காலேயே உப்புப் பார்க்கிற மனுஷன். எனக்கு முன்னால் கிரில்லில் நின்ற அருளப்பனுக்குப் பீனசம் என்று தெரிந்த அன்றே பாத்திரம் கழுவுகிற பக்கம் அனுப்பிவிட்டார், மூக்கு அடைத்தவன் நெருப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்றார், அது கோபத்தில் சொன்னதல்ல, அவருக்கு அது சட்டம். தினமும் ஐந்து மணிக்கு மசாலா ஊறிய கோழிச் சட்டியை என் மூக்குக்குக் கீழே நீட்டி என்ன குறையுது என்று கேட்பார். நான் கண்ணை மூடி ஆழமாக இழுப்பேன், கோயிலில்கூட அவ்வளவு பக்தியாக நின்றதில்லை. பிறகு ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வேன், நாக்குக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் இன்னும் தெரிகிறது. மற்றதற்கு மசாலா டப்பாக்கள் இருக்கின்றன. காலையிலேயே ஒவ்வொரு டப்பாவிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வேன், சாயங்காலம் பட்டைத்தூள் இறங்காமல் இருந்தால், பட்டை கொஞ்சம் குறையுது அண்ணாச்சி என்பேன். அவர் புருவத்தைத் தூக்கி, சரியாச் சொன்ன என்பார். நாலு மாதமாக இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது.

மூன்று நாற்பது. கம்பிகள் வெளுக்கத் தொடங்கிவிட்டன. இடது கோடியிலிருந்து வரிசையாகச் சாம்பல் பூக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதும் வெளுக்கிறது, வலது கோடி மட்டும் கறுப்பாகவே பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கிறது. நேற்றும் அப்படித்தான் கிடந்தது. நேற்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நேற்று என் கவலை ட்ரேயில் இருந்தது. முந்தாநாள் மதியம்தான் அண்ணாச்சி முதலில் சொன்னார், கிரில் பக்கம் மீன் வாடை அடிக்கிறது, ட்ரேயில் பழைய மீன் எண்ணெய் தங்கியிருக்கிறது, ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று. எனக்குச் சுருக்கென்றது. நான் ட்ரேயைக் கழுவுவதில்லையா, ட்ரேயில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிக் கழுவுகிறவள் நான். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது இல்லை என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டும். ஆமா அண்ணாச்சி, ட்ரேயிலதான் அடிக்கி என்றேன், சொல்லிவிட்டு அதன்மேல் குனிந்து மோந்தும் காட்டினேன், எவ்வளவு பெரிய நடிகை. பிறகு சோடா உப்பு போட்டுக் கழுவினேன், நேற்று வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து கழுவினேன், இன்று காலையில் புளி போட்டுத் தேய்த்தேன். அவர் வந்து வந்து மூக்கை விடைத்துவிட்டு, இன்னும் இருக்கு, என்றார், நானும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு என்றேன். மூன்று முறை கழுவியும் போகாத எண்ணெய் என்ன எண்ணெய். கொழுப்பு என்றால் எரியும், இல்லையென்றால் கரையும், இரண்டும் இல்லாமல் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கும். அதுவும் தடைக்காலம். மீன் முட்டையிடுகிற மாதங்கள், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கிறது, என் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்து, வேலைக்குப் போகிற என்னைக் கறிக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ஐஸில் வைத்த மீனைக் கிரில்லில் ஏற்ற அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார், ஆகவே கோழி, காளான், பனீர், அன்னாசித் துண்டு. பன்னிரண்டு நாளும் கோழியின் புகை. கோழி மீனாக நாறுமா. அப்படியென்றால் மீன் இல்லாமல் மீன் வாடை அடிக்கிற பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அது இந்தக் கட்டுக்குள்ளே இருக்கிறது, அது முந்தாநாள்தான் வந்திருக்கிறது, அது என்ன.

வாசம் தெரிகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராது, அதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. மீன் வாடை என்றதும் அவர்களுக்கு மீன் வந்துவிடுகிறது, இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது. எனக்கு அது வெறும் வார்த்தையாக வருகிறது, வார்த்தையைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்க முடிகிறது. வலது கோடி ஏன் எரியவில்லை. குமிழ் கடைசிவரை திரும்பித்தான் இருக்கிறது. குனிந்து பார்த்தால் நாலு காயில் செக்கச்செவேல் என்று இருக்கிறது, ஐந்தாவது மங்கலாக, சிவப்புக்கு முந்தின ஒரு நிறத்தில் கிடக்கிறது. காதை வைத்துக் கேட்டால், இந்தக் கிரில்லின் சத்தம் எனக்கு அத்துப்படி, சூடேறும்போது டிக் டிக் என்று இரும்பு விரியும், பிறகு அடங்கிவிடும், இப்போது அதற்கடியில் இன்னொரு சத்தம், எறும்பு பேப்பரில் ஓடுகிறமாதிரி ஒரு கிரகிரப்பு, நிற்கிறது, மறுபடி வருகிறது. வலது பக்கத் தகட்டிலிருந்து வருகிறது. புறங்கையை அதன் கிட்டே கொண்டுபோனேன், தொடவில்லை, ஒரு சாண் தள்ளியே சுட்டது. இந்தத் தகடு சுடாது. இதில் சாய்ந்துகொண்டு நான் டீ குடித்திருக்கிறேன். எரிய வேண்டிய இடம் எரியவில்லை, ஆற வேண்டிய இடம் சுடுகிறது, சூடு வழிதவறி இங்கே வந்து நிற்கிறது, இதற்குள்ளே என்ன இருக்கிறது, இதற்குள்ளே வயர்தானே இருக்கிறது. வயர் என்றதும் அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டான். ஜெபஸ்தியான், கடலுக்குப் போகமாட்டேன், எனக்கு வாந்தி வருகிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் அம்மா தள்ளிப் போய் உட்காருவாள், கடலுக்கே போகாதவன்மேல் எப்படியடா மீன் நாறுகிறது என்பாள், அவன் சட்டையை மோந்து பார்த்துவிட்டுச் சொல்லுவான், அது மீன் இல்லை அம்மா, கனெக்டர் கருகினால் அப்படித்தான் அடிக்கும், வயரைக் கடிக்கிற அந்தக் கறுப்புக் கட்டை இருக்கிறதே, அது வெந்து உருகினால் அழுகின மீன்தான், எங்க கடையில மீன் வாடை அடிச்சா மெயினை அமத்திட்டுத்தான் மத்த பேச்சு. நாங்கள் சிரித்தோம். அந்த வாசம் எனக்கு அப்போது தெரிந்திருந்தது, அவன் சட்டையில் நானும் மோந்திருக்கிறேன், மூக்கு இருந்தபோது பதினைந்து வருடமாக அதை மறந்தே போயிருந்தேன், இப்போது வாசம் இல்லாமல் அவன் சொன்னது மட்டும் வார்த்தை வார்த்தையாக வந்து நிற்கிறது. இந்தத் தகட்டுக்குப் பின்னால் மரப்பலகைச் சுவர், மேலே கொழுப்பு ஏறிய புகைக்கூண்டு, அதற்குமேல் மாடி ஹால், அதில் ஆறரை மணிக்கு வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைகள். முந்தாநாளே சொல்லியிருக்கலாம், ட்ரே சுத்தமாகத்தான் இருக்கிறது, வேறு எங்கேயோ பாருங்கள் என்று. அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாததால் மூன்று நாள் நாங்கள் ட்ரேயைக் கழுவிக்கொண்டிருந்தோம், நானே வாடையைக் கூட்டிக்கொண்டுபோய்த் தப்பான இடத்தில் உட்கார வைத்துவிட்டேன். சுவரில் இருக்கிற பெரிய சுவிட்சை அமத்தினால் போதும். ஆனால் அமத்தினால் ஏன் என்று கேட்பார். வாடை வயரிலிருந்து வருகிறது என்றால், ட்ரேயில்தான் என்று நீயும் மோந்து சொன்னாயே என்பார். வேறு ஏதாவது பொய் கிடைக்குமா என்று தேடினேன், உண்மையாகவே தேடினேன், கையில் கிடுக்கியை வைத்துக்கொண்டு, அந்தக் கிரகிரப்பைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகள் மாடியில் இருப்பார்கள் என்று தெரிந்தும் ஒரு நிமிடமாவது தேடியிருப்பேன். பொய் ஒன்றும் அகப்படவில்லை. கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

புகைக்கூண்டின் விசிறியும் அதே சுவிட்சில்தான் ஓடுகிறது, அது நின்றதும் சமையற்கட்டு ஓவென்று அமைதியாகிவிட்டது, பின்வாசலில் பேச்சித்தாய் வெங்காயத் தோலை உரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. சாமான் அறையிலிருந்து அண்ணாச்சி வந்துவிட்டார்.

“யாரு அமத்துனது?”

“நான்தான் அண்ணாச்சி. வலது தகட்டுக்குள்ள வயரு கருகுது. அந்த வாடை அதுதான். மீனு இல்ல.”

அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ட்ரே, ட்ரே என்று மூன்று நாளாக நீயும் சொன்னாயே, மோந்து பார்த்துத்தானே சொன்னாய் என்று கேட்டார், கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

“பொய் சொன்னேன் அண்ணாச்சி. எனக்கு வாசமே தெரியாது. கிறிஸ்மஸுக்கு முந்துன காய்ச்சல்ல இருந்து.”

சொல்லி முடித்ததும் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை, தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியமாதிரி மூச்சுதான் வந்தது. அவர் மேசை இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்தார், சுவிட்ச் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்தார், தகடு ஆறும்வரை அதன் முன்னாலேயே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், நானும் நின்றேன், அந்தப் பத்து நிமிடத்தில் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஆழம், அதன் பக்கத்தில் இருக்கும் ஈரத்தரை, அங்கே நிற்க ரப்பர் செருப்பு வாங்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன். நாலு திருகாணியைக் கழற்றித் தகட்டை இழுத்தார். உள்ளே ஐந்து கறுப்புக் கட்டைகள் வரிசையாக இருந்தன, நாலு கட்டை நல்ல கட்டை, ஐந்தாவது பழுப்பாகி, ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது, அதில் கடிபட்டிருந்த வயரின் தோல் கொப்பளித்துச் செம்பு தெரிந்தது, பின்னால் இருந்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். அண்ணாச்சி குனிந்து கட்டைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தார், தலையைப் பின்னால் வாங்கிக்கொண்டார், மறுபடி குனிந்து இன்னொரு முறை இழுத்தார்.

“மீனுதான்,” என்றார், தனக்குத்தானே.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பேச்சித்தாய் கதவுநிலையில் நின்றிருந்தாள், கையில் பாதி உரித்த வெங்காயம், முகத்தில் பெரிய ஏமாற்றம். “அப்ப ஈஸ்டருக்கு நான் போட்டுட்டு வந்த செண்டு நல்லாருக்குன்னு சொன்னியே யக்கா, அதுவும் பொய்தானா?” என்று கேட்டாள். கருகின வயரைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது, எனக்கும் அந்த நேரத்தில் அதுதான் பெரிதாக இருந்தது, அவள் அன்று என் முகத்துக்கு நேரே மணிக்கட்டை நீட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எலக்ட்ரீசியன் காலையில்தான் வருவேன் என்றானாம், அதுவரை கிரில்லைத் தொடக் கூடாது என்றானாம். விருந்துக்குக் கேஸ் அடுப்பில் இரண்டு பெரிய தோசைக்கல்லைப் போட்டுச் சுட்டுக்கொடுத்துவிடலாம் என்று அண்ணாச்சி முதலாளியிடம் போனில் சொன்னார், மரப்பலகையைப் பிடுங்கிவிட்டுத் தகரம் அடிக்க வேண்டும் என்றும் சொன்னார், யார் கண்டுபிடித்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், மெற்றில்டா என்று என் பேரைச் சொன்னார், அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மணி ஐந்தாகிவிட்டது. மசாலாக் கோழிச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து பழக்கத்தில் என் மூக்குக்குக் கீழே நீட்டினார், நீட்டிய கை பாதியில் நின்றது. அருளப்பன் உள்ளேயிருந்து தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

“அப்ப நாலு மாசமா எதை வச்சு சுட்ட?”

திட்டுகிற குரல் இல்லை அது, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. இதை யாராவது கேட்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை, மூடி வைத்ததெல்லாம் மூக்கு இல்லை என்பதை மட்டும்தானே, மூக்கு இல்லாமல் எப்படி என்பதை நானே உட்கார்ந்து யோசித்ததில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கல்லைக் காயவிட்டேன், ஒரு துண்டுக் கோழியை எடுத்து நடுவில் வைத்தேன். மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் கேளுங்க அண்ணாச்சி என்றேன். பிறகு அந்த மனுஷன், ஊரே மதிக்கிற தன் மூக்கை, குளத்தில் முங்கப் போகிற பிள்ளைமாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கல்லின் பக்கம் காதைச் சாய்த்தார். முதலில் தண்ணீர்ச் சத்தம் வந்தது, மசாலாவின் ஈரம் சொய்யென்று தடிப்பாக, பிறகு அது மெலிந்தது, அடியிலிருந்து கொழுப்பு இறங்கிப் பொட்டுப் பொட்டென்று தனித்தனியாக வெடித்தது. அவர் இடது கை மெதுவாக மேலே வந்தது.

“இப்ப திருப்பு,” என்றார், மூக்கடைத்த குரலில்.

“இன்னும் இல்ல அண்ணாச்சி,” என்றேன்.